அரை கிலோ கறியும் போய்விட்ட பஸ்ஸும்

ரிச்சர்ட்ஸ் டவுன் ஐரின் வாயைத் திறக்காத பெண். தும்மினால்கூட யார் வீட்டு மிளகாய் நெடி என்று சொல்ல மாட்டாள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குக் கதை எழுதப் போனாள். கூட்டாளி ஜோகுபாளையத்து உமேஷ், வயதில் இளையவன். கதை என்று வந்தால் எருமையைப் பறக்கவிட்டு, அது இறங்கிய மொட்டை மாடியையும் காட்டுவான்.

இருவரும் காலப்பயணக் கன்னடப் படம் ஒன்றுக்குக் கதை கட்டினார்கள். அறையில் இரண்டு துணிக்கொடிகள். மேல்கொடியில் இன்றைய காட்சிகள், கீழ்க்கொடியில் பழைய காலத்துக் காட்சிகள், சீட்டுச் சீட்டாகக் கிளிப்பில் தொங்கும். கீழே ஒன்றை நகர்த்தினால் மேலே நாலு பொய்யாகிவிடும். அந்தப் பொய்யைப் பிடிப்பது ஐரினின் வேலை.

"ஜனங்க எந்த மெஷினையும் நம்புவாங்க உமேஷ். நாம போட்ட ரூலை நாமளே மீறினாத்தான் விசிலடிச்சு விரட்டுவாங்க."

தயாரிப்பாளருக்கு மெஷின் பிடித்தது. "ஆனா கதாநாயகி ஏன் பழைய காலத்துக்குப் போறா? அதுல உயிரில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"நீங்கன்னா எந்த நாளுக்குப் போவீங்கக்கா?" என்று கேட்டான் உமேஷ்.

ஐரின் சொன்னாள். அவள் அம்மா மௌரீன் கல்யாணத்துக்கு முன்பு, பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவரை விரும்பினாள். ஓடிப்போக நாளும் குறித்தாயிற்று. கறி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள், பயத்தில் நிஜமாகவே கறிக்கடை வரிசையில் நின்றுவிட்டாள். அரை கிலோவை வெட்டிக் கொடுப்பதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. மதியம் அந்தக் கறியையே குழம்பு வைத்தாளாம்.

"நான் போய் மம்மியை அந்த பஸ்ல ஏத்திவிடுவேன்."

"அப்புறம் நீங்க பொறக்கவே மாட்டீங்களே!"

"தெரிஞ்சேதான் ஏத்துவேன்."

உமேஷின் கை ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தது.

"மம்மி எங்கிட்ட மட்டும் சொன்னது, டாடிக்கே தெரியாது இது. கொடியில மாட்டிடாதேப்பா."

"எங்கம்மா மேல சத்தியம்க்கா."

காணாமல்போன தம்பி என்று வேறு காரணம் வைத்துக் கதையை முடித்தார்கள். ஷூட்டிங்கில் திருத்தம் செய்ய உமேஷ் மட்டும் போனான்.

படம் ஓடிய ஓட்டத்தில் தியேட்டர் வாசல் சுண்டல்காரர் மாடி வீடு கட்டிவிட்டார். ஐரின் பெருமையோடு அம்மாவையும் அப்பா ஓஸ்வால்டையும் கூட்டிப்போனாள். இடைவேளைக்குச் சற்று முன், திரையில் ஒரு பெண் பஸ்ஸைப் பார்த்தபடியே கறிக்கடை வரிசையில் நின்றாள். ஐரினின் கைக்குள் இருந்த மௌரீனின் கை மெல்ல வெளியே போய்விட்டது.

இடைவேளையில் ஐரின் உமேஷுக்குப் போன் போட்டாள்.

"சத்தியம் பண்ணினியேடா!"

"அக்கா, தியேட்டர்ல அழறாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

உள்ளே ஓடி வந்து, "தலை வலிக்குது டாடி, கிளம்பலாம்" என்றாள்.

"பாப்கார்ன் வாங்கியாச்சு. உக்காரும்மா" என்றார் ஓஸ்வால்ட்.

திரையில் மகள் அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் புகையாகக் கரைந்தாள். ஓஸ்வால்ட் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன மனசு அந்தப் பொண்ணுக்கு! அம்மாவுக்காகப் பொறக்காமலே போயிட்டா பாரு மௌரீன்."

மௌரீன் மகளைப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. பொறந்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பா."

ஓஸ்வால்ட் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டோ வந்ததும் மௌரீன் அவரை நடுவில் உட்காரச் சொன்னாள்.