உம்மாவின் முகத்துக்குக் கீழே

வேனிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணை நான் முதல் பார்வையிலேயே நம்பவில்லை. அவள் என் உம்மா. அதில் இன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஆறு வயது, யாரையும் எதையும் இலேசில் நம்புகிற பிள்ளையல்ல நான். இப்போதும் அந்தக் குணம் பெரிதாக மாறிவிடவில்லை. மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்த பிறகும் மீன்காரரின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். "உன்னக் கலியாணம் முடிச்சித் தந்ததுக்குப் பதிலா உன்ட வாப்பா பொலிஸ்ல சேத்திருக்கலாம்" என்பார் என் கணவர்.

உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. வாப்பாவுக்குச் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை. காலையில் போனால் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் தலையெல்லாம் தவிடாக வருவார். என்னை வளர்த்தது சாச்சி, உம்மாவின் தங்கை. சாய்ந்தமருதில் அவளுடைய வீடும் எங்கள் வீடும் ஒரே வேலி சூழ்ந்த வளவுக்குள் இருந்தன. உம்மாவை எனக்கு இரண்டு வழியாகத்தான் தெரியும். ஒன்று, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் போனில் வரும் குரல். மற்றது, அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்த போட்டோ. கல்யாணம் முடிந்த கையோடு கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அள்ளி அப்பிய பவுடரும், பிறகு கம்ப்யூட்டரில் தேய்த்த தேய்ப்பும் சேர்ந்து, அந்த முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. தினமும் அதற்கு ஒரு முத்தம் கொடுப்பேன்.

வேனிலிருந்து இறங்கியவளின் முகம் அப்படி இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும், புருவத்துக்குள்ளும், நாடியிலும் தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில்விட்டு நின்றது. கன்னம் சிவந்து, இழுத்துக் கட்டிய மாதிரி மினுங்கியது. வாயை அகலத் திறந்தால் வலிக்கும் போல, சிரிப்பைக்கூட அளந்துதான் சிரித்தாள்.

"இஞ்ச வா, என்ட கிளி" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

குரல் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. ஓடிப்போய்ச் சாச்சியின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்ன புள்ள இது? நாலு வருசமா உம்மா உம்மா எண்டு என்ட உசிர வாங்கிப்போட்டு இப்ப ஒளிக்காய்?" என்று சாச்சி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் அசையவில்லை. நீட்டிய கையை வந்தவள் உடனே மடக்கவுமில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "விடு, பழகும்" என்றாள்.

'வந்தவள்' என்பதுதான் என் மனதுக்குள் அவளுக்கு நான் வைத்த பெயர். அடுத்த நாளிலிருந்து அவளைக் கவனிப்பதே என் முழுநேர வேலை. குசினியில் உப்புப் போத்தலை அவள் தப்பான தட்டில் தேடினாள். உம்மா என்றால் உப்பு இருக்கும் இடம் தெரியாதா? என் முதுகில் இருக்கும் மச்சத்தைச் சரியாகச் சொன்னாள், ஆனால் அதைச் சாச்சி போனில் சொல்லியிருக்கலாம். அவள் கொண்டுவந்த சொக்லட்டில் முதல் துண்டைக் காகத்துக்குப் போட்டேன். காகம் சாகவில்லை. அதன் பிறகுதான் நான் தின்றேன்.

என்னை வெல்ல அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேசினால் நான் பதில் சொல்வேன், சீலையை விலக்கினால் வாயை மூடிக்கொள்வேன். மூன்றாம் நாளே இது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சீலைக்குப் பின்னால் நின்றபடி, "சாப்பிட்டியா மகள்? இண்டைக்கி ரீச்சர் என்ன படிச்சித் தந்தா?" என்று வெள்ளிக்கிழமை போனில் கேட்பது போலவே கேட்பாள். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, சவூதியில் இருப்பவள் மாதிரி அவள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வளவு மாமி பார்க்க வந்தாள். வந்தவளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு கையில் கொடுத்த தேத்தண்ணியைப் பார்த்தாள். நோன்பு என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். போகும்போது சாச்சியின் காதில், "தொத்துற வருத்தமா இரிக்கப் போகுதுகா, புள்ளய ஒதுக்கி வையுங்க" என்றாள். ஊர் நோயைச் சந்தேகப்பட்டது. நான் ஆளையே சந்தேகப்பட்டேன்.

எங்கள் வீட்டு முன்சுவருக்கு ஒவ்வொரு பெருநாளைக்கும் வாப்பா ஒரு புதுநிறம் அடிப்பார். கடற்காற்றின் உப்புக்கு எந்தப் பெயின்டும் நிற்காது, பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அதை நகத்தால் உரிப்பது என் பொழுதுபோக்கு. ரோசாவுக்குக் கீழே பச்சை இருக்கும், பச்சைக்குக் கீழே நீலம் இருக்கும். ஒருநாள் காலையில் வந்தவளின் தலையணையில் நகமளவு தோல் ஒன்று கிடந்ததைக் கண்டேன். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உம்மா எங்கேயும் போய்விடவில்லை, இந்த முகத்துக்குக் கீழேதான் இருக்கிறாள். இது முழுதும் உரிந்து விழுந்தால் போட்டோவில் இருக்கிற முகம் வெளியே வந்துவிடும்.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கே வயல்வெளியெல்லாம் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்றில் உடுப்பு கொடியில் போட்ட கையோடு காயும், எல்லாருக்கும் உதடு வெடிக்கும். ஊரே அந்தக் காற்றைத் திட்டியது. நான் மட்டும், இன்னும் வீச வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன்.

முகம் மோசமாகிக்கொண்டே போக, வாப்பா அவளைக் கல்முனையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார். நானும் விடாப்பிடியாக நின்று கூடவே போனேன், குற்றவாளியைத் தனியே விட முடியுமா?

டொக்டர் வயதான பெண்மணி. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "என்னத்தப் பூசினீங்க?" என்றார். வந்தவள் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். டொக்டர் இன்னொரு தரம் கேட்டபோது, கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். முகத்தை வெள்ளையாக்குகிற கிறீம். அங்கே கூட வேலை செய்த ஒருத்தி வாங்கிக் கொடுத்ததாம். ஊருக்கு வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னிருந்து, ஒருநாளைக்கு மூன்று தரம் பூசியிருக்கிறாள்.

"அல்லாஹ்! தோலையே சுட்டுப் போட்டீங்களே. என்னத்துக்கு இந்த வேல?"

வந்தவள் குனிந்துகொண்டு சொன்னாள்: "புள்ள போட்டோவப் பாத்துத்தான் டொக்டர் வளந்திரிக்கி. அதுல இரிக்கிற மாதிரி வந்தாத்தான் என்ன அடையாளம் தெரியும் எண்டு..."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரைத் திருப்பிப் பார்த்தேன். பெரியவர்கள் முன்னாலேயே, தன் வாயாலேயே, போட்டோ மாதிரி வேஷம் போடப் பார்த்ததை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் வாப்பா கோபப்படாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தது எனக்கு விளங்கவில்லை.

டொக்டர் தன் கையாலேயே மருந்து கலந்து ஒரு வெள்ளைப் போத்தலில் கொடுத்தார். முகத்தில் சவுக்காரம் படக் கூடாது, சுடுதண்ணீர் கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒத்தி எடுத்து, ஈரம் காய்வதற்கு முன் இதைப் பூச வேண்டும். "உரியிற தோலப் பிச்சி எடுக்க வேணாம். இதப் பூசினா ஒட்டி, பேந்து தன்பாட்டுல போகும்" என்றார்.

ஒட்டுமாம்! இந்த டொக்டரும் இவளுடைய ஆள்தான் என்று முடிவுகட்டினேன்.

மருந்து வேலை செய்தது. நான்காம் நாள் மூக்கின் ஓரத்துச் செதிலெல்லாம் அமர்ந்துபோயிற்று. எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எனக்கோ அழுகை வந்தது. உம்மாவை உள்ளே வைத்து மூடுகிறார்களே! அன்று பின்னேரம் அந்தப் போத்தலை எடுத்துக் குசினிக்குப் பின்னால், அடுப்பெரிக்க வாப்பா கொண்டுவந்து வைத்திருந்த உமிச் சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் புதைத்தேன்.

வீடு தலைகீழானது. டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். தேங்காயெண்ணெய் பூசினால் கச்சான் அதை ஒரு மணித்தியாலத்தில் குடித்துவிட்டது. மூன்றாம் நாள் வந்தவளின் கடைவாயில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது, கஞ்சியைக்கூடக் கரண்டியால் ஊற்றித்தான் குடித்தாள். சாச்சிக்குப் பக்கத்து வளவு மாமி மேல் சந்தேகம். மருந்து எங்கே வாங்கினது என்று, அது காணாமல் போவதற்கு முந்தின நாள்தான் அவள் கேட்டுவிட்டுப் போயிருந்தாளாம். சாச்சி வேலியோரம் போய் நைசாக விசாரிக்க, மாமி துள்ளி எழும்பினாள்.

"என்ட மூஞ்சிக்கி உங்கட மருந்து என்னத்துக்குகா? நான் என்ன சவூதிக்கா போய் வந்தன்?"

"சும்மா கேட்டதுக்கு ஏன் இப்பிடிப் பாயிறீங்க?"

இரண்டு வளவும் கேட்கக் கத்தினார்கள். போத்தல் பத்திரமாக இருக்கிறதா என்று சற்று முன்தான் உமிச் சாக்கை இன்னொரு தரம் துழாவிவிட்டு வந்திருந்த நான், வாசலில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவள் வாசலுக்கு வந்தாள். என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு குசினிக்குப் பின்னால் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் போத்தல் இருந்தது. சாச்சியைக் கூப்பிட்டு, "கிடைச்சிட்டு, நான்தான் மறதியா வெச்சிப்போட்டன்" என்றாள். சண்டை அதோடு நின்றது. பிறகு என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஏன் கிளி ஒளிச்சாய்?"

குரல் அப்படிக் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. "நீங்க அதப் பூசினா உரியாது. உரிஞ்சாத்தான் எங்கட உம்மா வெளிய வருவா" என்றேன்.

அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். என் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, "சரி, உரிச்சிப் பாரு" என்றாள்.

கன்னத்தில் ஒரு செதில் அரைவாசி கிளம்பி நின்றது. அதன் நுனியை நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தேன். கீழே சிவப்பாக, ஈரமாக இருந்தது. போட்டோ முகம் தெரியவில்லை. நாடியில் இன்னொன்றை உரித்தேன். அங்கேயும் அதே சிவப்புத்தான். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து அந்த உரிந்த இடங்களில் ஓடியது. உயிர் போகிற மாதிரி எரிந்திருக்கும். ஆனாலும் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. "வடிவாப் பாரு மகள், இன்னும் இரிக்கா பாரு" என்று மற்றக் கன்னத்தையும் திருப்பிக் காட்டினாள்.

பிடிபட்டுவிட்டதால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவள் மேல் இரக்கம்கூட வந்தது. "அழாதீங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். உம்மா வெளியே வந்ததும் இவளை வையவோ பொலிஸில் கொடுக்கவோ கூடாது, பத்திரமாகக் கொண்டுபோய் வேனில் ஏற்றிவிடும்படி வாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். பாவம், இவளுக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கும், அது இவளைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.