படகில் இருந்த ஊர்

போன வாரம் திருநின்றவூரில் ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையோடு மின்சார ரயிலில் ஏறினார். பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள். நான் மட்டும் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி முறைத்தாள். என் முதல் உத்தியோகமே அந்த வாசனையில்தான் இருக்கிறது என்று ரயிலில் வைத்து அவளுக்கு எப்படி விளக்குவது?

அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நான் குமாஸ்தா. சொந்த ஊர் கடம்பத்தூர். நெல்வயலைத் தவிர எதுவும் தெரியாது. ஏரி என்றால் கோடையில் வற்ற வேண்டும், கடல் என்றால் அலை அடிக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் உப்புக் கரித்துக்கொண்டு கிடந்த பழவேற்காட்டுத் தண்ணீர் எனக்குப் பிடிபடவே இல்லை.

அங்கே அக்கரைக்குப்பம் என்ற ஊருக்கு ஒரு படகு சாங்ஷன் ஆனது. அதை ஒப்படைக்க ஆபீசரும் நானும் போனோம். ஆபீசர் திருநெல்வேலிக்காரர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். ஊருக்கு ஒரு பெயர்ப் பலகையும் எழுதி எடுத்து வந்திருந்தார். பலகை நடும் ஊருக்கே படகு.

மேற்குக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டோம்.

“அக்கரைக்குப்பமா? அதோ, அந்தாண்ட கீது.”

ஒப்படைக்கும்வரை புதுப் படகைத் தொடக்கூடாது என்று ஆபீசர் சொல்லிவிட்டதால் கட்டுமரத்தில் போனோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தாண்ட போய்க் கேட்டால், நாங்கள் கிளம்பிய கரையைக் காட்டினார்கள்.

“அது அந்தாண்ட, சார்.”

அப்புறம்தான் விளங்கியது. இவர்களுக்கு அவர்கள் அக்கரை, அவர்களுக்கு இவர்கள் அக்கரை. பெயர் வந்த கதை அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் அக்கரைக்குப்பத்தைக் கைகாட்டினார்களே தவிர, ஒருத்தர்கூட அங்கே குடியிருக்கவில்லை.

படகு வந்திருப்பது தெரிந்ததும், இரண்டு கரையும் ‘நாங்கதான் அக்கரை’ என்றது. நாங்கள் மேற்குக் கரைக்குத் திரும்பியதும் இரண்டு பக்கத்துக் கூட்டமும் அங்கே கூடியது. எதிர்க்கரை மணல்மேட்டிலிருந்து வந்த மீன்காரி குப்பம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நைனா, போன மாசம் என் மருமவள வலியோட இந்தாண்ட ஆஸ்பத்திரிக்கி கட்டுமரத்துல ஏத்திகினு வந்தோம். பாதித் தண்ணிலயே கொயந்த பொறந்துச்சி. காத்துல கட்டுமரம் கவுந்திருந்தா? போர்ட எங்கனா நட்டுக்கோ. ராத்திரில படகு எங்க பக்கம் நிக்கணும்.”

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. “ராத்திரில வெச்சிக்கட்டும்பா,” என்றார் வலைக்காரர். “ஆனா ஊரு பேரு எங்களுது.”

மறுபடி ரகளை. ஆபீசருக்குப் பொறுமை போயிற்று. “அப்படின்னா போர்டைப் படகுலயே அடிங்க!” என்று கத்தினார்.

கோபத்தில் சொன்னதுதான். படகோடு வந்திருந்த தச்சர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஆணியை இறக்கிவிட்டார். தடுப்பதற்குத் தூக்கிய கையால் ஆபீசர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கரையும் கைதட்டியது.

அன்றிலிருந்து படகு எங்கேயோ அங்கேதான் ஊர். தபால்காரர் கடிதங்களைப் படகோட்டியிடமே கொடுத்தார். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், தட்டும் பூவுமாகப் படகில் ஏறி, “ஊர் வந்துடுச்சா?” என்று கேட்டதாம்.

“ஊர்லதான குந்திகினு கீறீங்கோ!” என்றானாம் படகோட்டி.

அதற்குப் பிறகு எந்தப் பிரசவமும் கட்டுமரத்தில் நடக்கவில்லை என்று குப்பம்மா ஆபீசுக்கே வந்து சொல்லிவிட்டு, ஆபீசர் மேஜைமேல் ஒரு கட்டு வாளைக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனாள். ஆபீசர் சைவம். ஒரு வாரம் ஃபைல்களெல்லாம் மணத்தன.

பின்னால் பாலம் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. கரை எது, தண்ணீர் எது என்று தெரியாதபடி மண் கொட்டி மேடாக்கினார்கள். ரிட்டயர் ஆனபின் ஒருமுறை போனேன். படகு ஓடிய இடத்தில், ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டீக்கடைக்காரரிடம், “இந்த இடத்துக்கு இன்னா பேருப்பா?” என்றேன்.

“ரெண்டாவது கேட்டு, சார்.”

“அதுக்கு முன்னாடி?”

கிளாஸைக் கழுவியபடியே ரோட்டைக் காட்டினார். “அதுக்கு முன்னாடி ஒண்ணாவது கேட்டு.”