விளிம்பு பார்க்கும் அக்கா

காசின் முகத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் விளிம்பு. ஜன்னலோரம் நின்று, இரண்டு விரலில் பிடித்து, வெளிச்சத்தில் மெல்ல உருட்டுவார். விளிம்பைச் சுற்றி ஓடும் நுண்ணிய வரிகள் ஒரே ஓர் இடத்தில், நகத்தகலம் மழுங்கியிருந்தால் போதும். "கழுத்துல கிடந்த காசு இது. வளையத்தப் பிச்சுட்டு அரம் போட்டுத் தேய்ச்சிருக்கான்" என்பார்.

பழங்காசுக் கடை தம்பியுடையது. அக்கா இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் பல் மருத்துவமனையில் கட்டுப்பல் செய்தவர். இன்றும் யாராவது சிரித்தால் அவர் கண் பல்வரிசைக்குத்தான் போகும். "மேல் வரிசையில மூணாவது உங்க பல்லு இல்லியே?" என்று நான் கடைக்குப் போன முதல் நாளே என்னைக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர் வெள்ளிக் காசு ஒன்றை ஆசையாக எடுத்தார். அன்று காலைதான் கடைக்கு வந்த காசு. அக்கா இன்னும் பார்த்திருக்கவில்லை. வெளிச்சத்தில் பார்க்க ஓட்டுநர் ஜன்னலருகே வந்ததுதான் தம்பியின் கெட்ட நேரம்.

"உச்சியில வளையம் பத்தவச்ச தடம் தெரியுது பாருங்க. பதக்கமா இருந்த காசு."

ஓட்டுநர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாக்கா?"

"வாய் சும்மாத்தான்டா இருக்கு. கண்ணுதான் கேக்க மாட்டேங்குது."

மறுநாள் ஓட்டுநர் திரும்பி வந்தார், கக்கத்தில் ஓர் ஆல்பத்தோடு. பதினெட்டு வருடமாகச் சேர்த்த காசுகள். "எல்லாத்தையும் பாத்துருங்கக்கா. மறைக்காம சொல்லுங்க."

அக்கா மதியம்வரை பார்த்தார். ஒன்றில் நாலு பக்கமும் கொக்கி கடித்த தடம். ஒன்றில் நெஞ்சோடு உரசி உரசிப் பின்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. இன்னொன்றில் துளை போட்டுப் பிறகு அடைத்திருந்தார்கள். பழுதான காசுகள் மேசையில் தனியே சேர்ந்துகொண்டே போயின. ஒன்பதாவதில் தம்பிக்கே பொறுக்கவில்லை. "போதும்க்கா" என்றார். "நீங்க பாருங்க" என்றார் ஓட்டுநர்.

முடிந்ததும் அக்கா கேட்டார்: "இதுல நீங்க மொதல்ல வாங்குனது எது?"

துளை அடைத்த காசை ஓட்டுநர் விரலால் தொட்டார். "பொண்ணு பொறந்த அன்னிக்கு வாங்குனேன்."

அக்கா இழுப்பறையிலிருந்து புது உறை ஒன்றை எடுத்தார். அந்தக் காசை அதிலிட்டு, ஆல்பத்தின் முதல் பக்கத்தில், முதல் கட்டத்தில் செருகினார்.