பற்றவைக்காத உலைக்கு மூன்று நினைவூட்டல்கள்

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் ஒரு புகைபோக்கியிலிருந்து புகை வெளிவந்தால், அங்கே குடியிருப்பவர் குற்றம் செய்தவராவார். அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளை எரித்தாலோ, விலக்களிக்கப்பட்ட அடுப்பில் எரித்தாலோ தப்பலாம். விறகு அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள் அல்ல. எங்கள் பின்வளவில் நின்ற உலைக்கு விலக்களிக்க, அப்படி ஒன்று உலகில் இருப்பதே எவருக்கும் தெரியாது. லண்டன் முழுவதும் இந்தச் சட்டம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆகவே, தொண்ணூறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் உலையைக் கட்டி முடித்துவிட்டு, அதைப் பற்றவைக்காமல், உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

வீடு என் மைத்துனருடையது. ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ்ஸில் இன்னும் மேற்கே போகவேண்டும். நகரம் முடிந்து வயல் தொடங்கும் விளிம்பு. அவர் வேலைக்காகச் சவூதி போனபோது நானும் மனைவியும் அங்கே குடிபுகுந்தோம். வீட்டோடு அவர் இரண்டு பொருள்களை விட்டுச் சென்றிருந்தார். ஒன்று, திருத்த முடியாதென்று காஸ்காரர் சிவப்புத் துண்டு ஒட்டிவிட்டுப் போன, வீட்டைச் சூடாக்கும் பொய்லர். மற்றது, எண்பத்தேழாம் ஆண்டுப் புயலில் விழுந்த ஓக் மரங்களை அறுத்து வேலியோரம் அடுக்கிய விறகு. மூன்று வருடம் காய்ந்திருந்தது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

மனைவி வீட்டிலிருந்து சாறி பிளவுஸ் தைத்தார். குளிர் தொடங்கினால் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிவிடும். முதற் குளிர்காலத்தில் கொக்கி தைக்க முடியாமல் இரண்டு கல்யாண வீட்டுத் துணிகளைத் திருப்பிக் கொடுத்தார். மெசினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, கைகளைக் கம்புக்கூட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். உலை கட்டவேண்டும் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

கட்டியவர் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கராஜில் வெல்டிங் செய்த எங்கள் ஊர்க்காரர். ஞாயிறுகளில் ரயிலேறி வருவார். பெரிய இரும்புத் தொட்டி; அதற்குள்ளே விறகு எரிய ஒரு தடித்த பீப்பாய்; இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். நெருப்பு தண்ணீரைச் சூடாக்கும். ஒரு சிறிய பம்ப் அந்தத் தண்ணீரை நிலத்துக்கடியில் குழாய் வழியே வீட்டுக்குள் அனுப்பும். அறைகளைச் சூடாக்க ஏற்கெனவே சுவரில் இருந்த ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு அது திரும்பி வரும். தொட்டியின் மேலே காற்றுக்குத் திறந்த ஒரு குழாய். கொதித்தால் ஆவி அதனால் வெளியேறும், தொட்டி வெடிக்காது. குழாய்க்கான கிடங்கை நான் வெட்டினேன். முப்பது வருடம் பேனா பிடித்த கைக்கு அது நல்ல தண்டனை. முதலில் தண்ணீர் நிரப்பியபோது இரண்டு பொருத்துகளில் ஒழுகியது. மீண்டும் ஒட்டினார். பிறகு ஒழுகவில்லை. குளிரில் உறையாதபடி காருக்கு ஊற்றும் திரவத்தையும் அதில் கலந்தார்.

"அண்ணை, இது அடுப்பு மாதிரி இல்லை. நீர்மூழ்கி மாதிரிக் கிடக்கு," என்றார் அவர், தள்ளி நின்று பார்த்து. பிறகு சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தார். "கொளுத்துவமோ?"

"பொறும் தம்பி. அனுமதி வரட்டும்."

"ஆரிட்டை அனுமதி?"

"கவுன்சிலிட்டை."

அவர் என்னை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "அக்கா, இவர் எப்பவும் இப்பிடியோ?"

"நான் கலியாணத்துக்கு முதல் விசாரிச்சிருக்க வேணும்," என்றார் மனைவி.

காரணம் இருவருக்கும் தெரியும். குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில், எங்கள் பைல் இருந்தது. நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாமா என்பதை அங்கே யாரோ ஒருவர் ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தார். "எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டீரா?" என்று கேட்கும் படிவங்களை நான் நிரப்பியிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்குள் "ஆம், புகை" என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

கடிதம் எழுதுவது எனக்குப் பழக்கம். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே கடிதம் என்றால் இடப்பக்கம் 'எனது இல.', வலப்பக்கம் 'உமது இல.' இரண்டும் இல்லாத கடிதம் அநாதை. அதை எவரும் தொடமாட்டார்கள். எனது இலக்கத்தை நானே உண்டாக்கிக்கொண்டேன். உமது இலக்கத்துக்கு, கவுன்சிலிலிருந்து எனக்கு வந்திருந்த ஒரேயொரு கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அது அந்த வருடம் எல்லோரும் திட்டித் தீர்த்த போல் டாக்ஸ் என்ற தலைவரி பற்றியது. அதன் மூலையில் நீளமான ஓர் இலக்கம் இருந்தது. பிழையில்லாமல் டைப் செய்தேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. முதலாம் நினைவூட்டல். இன்னொரு மாதம். இரண்டாம் நினைவூட்டல், முதலாவதன் பிரதியோடு. டிசம்பரில் மூன்றாவதையும் அனுப்பினேன், முந்திய இரண்டின் பிரதிகளோடு. மனைவி விரல் நுனிகளை வெட்டிவிட்ட கையுறைகளோடு மெசினில் இருந்தார். பக்கத்தில் ஒரு சிறு மின்சார ஹீட்டர். அது அவருடைய வலது முழங்காலை மட்டும் சூடாக்கியது. பின்வளவில் தார்ப்பாயால் மூடிய உலை நின்றது.

"இஞ்சாருங்கோ," என்றார் ஒருநாள், நூலை என்னிடம் நீட்டி. "ஊசியைக் கோத்துத் தாங்கோ. அப்பிடியே நாலாம் நினைவூட்டலையும் எழுதுங்கோ."

நாலாவது என்று நடைமுறையில் ஒன்று இல்லை. மூன்றுக்குப் பிறகு நேரில் போகவேண்டும். போனேன்.

கவுன்சில் கவுண்டரில் இருந்த இளம்பெண் என் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தாள். என் நான்கு கடிதங்களும் அதில் திகதி வரிசைப்படி, துளையிட்டு, அழகாகக் கோக்கப்பட்டிருந்தன. அப்படியொரு கோப்பை நான் கச்சேரியில்கூடப் பார்த்ததில்லை.

"நீங்கள் ஏன் புகையைப் பற்றி வரிப் பகுதிக்கு எழுதுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டாள். "எங்கள் இலக்கம் போட்டிருந்தபடியால் நாங்கள் உங்கள் பைலில் வைத்துவிட்டோம்."

முப்பது வருடம் மற்றவர்களுடைய கடிதங்களை இதே காரணத்துக்காக இதே மாதிரி வேறு பைல்களில் புதைத்தவன் நான். அவளிடம் கோபப்பட எனக்கு உரிமை இருக்கவில்லை.

அவளே கடிதங்களை எடுத்துக்கொண்டு என்னை மேல்மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த அதிகாரி ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தது. அவருடைய விரல் எங்கள் தெருவுக்கு வந்து நின்றது. பச்சை தெருவின் நடுவோடு முடிந்தது. இரட்டைப்படை இலக்க வீடுகள் உள்ளே. ஒற்றைப்படை இலக்க வீடுகள் வெளியே. எங்கள் வீடு பதினேழு.

"உங்களுக்கு அனுமதியே தேவையில்லை," என்றார். "அயலவருக்குத் தொல்லை இல்லாமல் எரியுங்கள்."

"தயவுசெய்து அதை எழுத்தில் தாருங்கள்," என்றேன்.

இந்த வரைபடத்தை நான் ஐப்பசியிலேயே வந்து பார்த்திருக்கலாம். எல்லா நடைமுறைகளும் தெரிந்தவனுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அவன் வாயால சொல்லிப்போட்டான் தானே? பிறகென்ன?"

"வாயால சொன்னது குரோய்டனில நிக்காது."

"ஓம். அதுக்குள்ள என்ர விரலும் நிக்காது."

அவர் சொன்னது நியாயம். அன்றிரவு ஊசிகளைக் கோத்து, பத்துப் பதினைந்தை வரிசையாகப் பஞ்சில் குத்திவைத்தேன்.

பெப்ரவரியில் பனி கொட்டத் தொடங்கியது. காலையில் கதவைத் திறந்தால் உலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. ரயில்கள் நின்றுவிட்டன, தபாலும் வராது என்று நினைத்தேன். தபால்காரர் முழங்கால் வரை பனியோடு மத்தியானத்துக்குப் பிறகு வந்தார்.

கவுன்சிலின் கடிதம், ஒரே பக்கம். வீட்டு இலக்கம் பதினேழு மேற்படி பகுதிக்குள் அடங்காது. ஆகவே மேற்படி சட்டப்பிரிவு பொருந்தாது. கையொப்பம். வலப்பக்கத்தில் 'உமது இல.' என்று, நான் உண்டாக்கிய அந்த இலக்கம். நான் அதை இரண்டாம் தரம் வாசித்து முடிக்கவில்லை. பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. மனைவி என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கையில் நெருப்புப் பெட்டியும் பழைய பத்திரிகையுமாகப் பனிக்குள் இறங்கிவிட்டார். தார்ப்பாயை அவரே இழுத்தார். நான் ஓடிப்போய்ப் பம்பைப் போட்டேன். முதலில் வெள்ளையாக, பிறகு சாம்பல் நிறத்தில், பிறகு இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவில், புகை தெருவின் ஒற்றைப்படை இலக்கப் பக்கத்தில் சட்டப்படி எழுந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து முன்னறை ரேடியேட்டர் இரண்டு தரம் தட்டியது. மனைவி கையுறைகளைக் கழற்றிவிட்டு உள்ளங்கைகளை அதன்மேல் வைத்தார். விரல்களை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பிறகு மெசினின் உறையை எடுத்தார்.

"இனி நானே கோப்பன்," என்றார்.

நான் பேனாவைத் தேடி எடுத்து, பழக்கம் விடாமல், கடிதத்தின் மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, 1991 பெப்ரவரி 8, வெள்ளிக்கிழமை.