உமாபதி கிராணி வயர்லெஸ் பார்த்த நான்கு நாள்

எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் உமாபதி கிராணிக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அதை அவரே சொல்லுவார். சபாக் டவுன் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதியவர். எழுதினார் என்பது உண்மை. தேறினார் என்று அவர் சொல்லிக்கூட நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் நான்கு பேனா இருக்கும், அதில் ஒன்றுதான் எழுதும். ஆபீஸ் வாசலில் ஆள் வந்து நின்றால், தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். காய்ச்சலோடு வந்தவனுக்கும் அதே கதிதான்.

எண்பத்து நான்கில் எங்கள் தோட்டத்துக்கு டெலிபோன் கம்பி வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆபீஸோடு பேச ஒரு வயர்லெஸ் பெட்டி கொடுத்திருந்தார்கள். பெட்டியின் முதுகிலிருந்து கறுப்பு வயர் ஒன்று ஜன்னல் வழியாகக் கூரைக் கம்பத்துக்குப் போகும். பேச வேண்டுமென்றால் மைக்கில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும், கேட்க வேண்டுமென்றால் விட வேண்டும். நான் கிராணியின் ஆபீஸைக் கூட்டித் துடைத்து, தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைக் கிராணி தானே செய்தார். டைப்ரைட்டர், தராசு, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் மட்டும் வைத்தது அவருக்குப் போதவில்லை. முதுகிலிருந்த பித்தளை மூடியைத் திருகிக் கழற்றி, வயரின் முனைக்கும் அது நுழையும் ஓட்டைக்கும் சந்தனத்தை வழித்து அப்பினார்.

"சாமி காரியத்துல குறை வைக்கக் கூடாது," என்று சொல்லி மறுபடியும் இறுக்கித் திருகினார்.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பெட்டியைப் போட்டால், சிவப்பு விளக்கு எரிந்தது. இரைச்சல் மட்டும் வந்தது. ஆள் குரல் இல்லை.

கிராணி முதலில் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு இருந்த திருகுகளையெல்லாம் வலமும் இடமும் திருகினார். அப்புறம் டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். விளக்கு எரிகிற பெட்டிக்கு எதற்குப் பேட்டரி? டிராக்டர் அன்று முழுக்கச் சும்மா நின்றது. மறுநாள் கடல் காற்றைக் குறை சொன்னார். ஆனால் கடலுக்கு இன்னும் கிட்டே, தோட்டத்தின் இன்னொரு பகுதியான இரண்டாவது டிவிஷனில் இருந்த பெட்டியில் பெரிய ஆபீஸ் நன்றாகக் கேட்கிறது என்று லோரிக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அங்கே பழுதில்லை, இங்கே கரண்டும் இருக்கிறது என்றால் மிச்சம் அந்த வயர்தான். இதற்குக் கேம்பிரிட்ஜ் வேண்டாம்.

"கிராணி, பின்னால அந்த மூடிய ஒரு தடவ..." என்று ஆரம்பித்தேன்.

"நீ போய் தேத்தண்ணி கலக்கு லா. பொம்பளைங்க ரேடியோ பாக்கற காலம் இன்னும் வரல."

நான் போய்க் கலக்கினேன். அவருடைய தேநீரில் சீனி போடவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஜாகா இருசப்பன், இரவில் ஆபீஸைக் காவல் காப்பவர். பூஜைக்கு முந்தின வாரம் கிராணி சொல்லித்தான் அவர் கூரையேறி, கம்பத்தில் உரசிய தென்னை மட்டையை வெட்டினார். இப்போது அதே கிராணி, ஜாகா கம்பத்தைக் கெடுத்துவிட்டான், வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பெரிய ஆபீஸில் இருந்த தோட்ட மேனேஜர், பெரிய துரைக்குக் கடிதம் டைப் அடித்து லோரியில் அனுப்பினார்.

வேலை போனால் லயத்து வீட்டையும் அந்த மாதமே காலி செய்ய வேண்டும். இருசப்பன் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்தாம் படிவப் பரீட்சை. அவர் மனைவி நவமணி அக்கா ஆபீஸ் பின்கட்டுக்கு என்னைத் தேடி வந்து நின்றாள்.

"எங்க போறது, சொல்லு? புள்ள புஸ்தகத்த ரோட்டுல வெச்சா படிக்கும்?"

"அண்ணன் கிராணிய ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

"அவரா? இப்பவே போயி மன்னிப்பு கேக்கவான்னு நிக்கிறாரு. என்ன தப்புன்னு கேட்டா, தெரியல, ஆனா ஐயா சொல்றாருங்கறாரு."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலையில் கிராணி பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணப் போன நேரம் பார்த்து மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே சந்தனம் காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பிடித்திருந்தது. பெட்டியை அணைத்துவிட்டு, கொண்டை ஊசியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். எட்டு மணிக்குப் பெரிய ஆபீஸ் கூப்பிட்டது. கணீரென்று கேட்டது.

கிராணி ஓடிவந்து மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்தார். அழுத்திக்கொண்டு பேசினார்.

"குட் மார்னிங் சார். நாலு நாளா ஒக்காந்து நானே ரிப்பேர் பண்ணிட்டேன் சார். எல்லாம் அந்த ஜாகா பண்ண வேலை. என் கடிதம் கிடைச்சிருக்கும்..."

பெருமையில் மூச்சு வாங்கினார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. நான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றேன். சுரண்டிய சந்தனம் மேசையில் காகிதத்தில் இருந்தது.

"இருசப்பண்ணன் ஒண்ணும் செய்யல. வயர் முனையில சந்தனம் வெச்சது நீங்கதான் கிராணி. இந்தா இருக்கு," என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் பொத்தானை விட்டார்.  பெட்டியிலிருந்து பெரிய ஆபீஸ் கிராணியின் குரல் வந்தது.

"என்ன வெச்சாரு? சந்தனமா? குங்குமமும் வெச்சாரா?" பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டாவது டிவிஷன்காரர் ஒருவர், "பெட்டிக்குக் காது குத்தியாச்சா?" என்று இடையில் புகுந்து கேட்டார். கடைசியாகத் துரையே பேசினார். கடிதத்தைத் திருப்பி அனுப்புவதாகவும், ஜாகா வழக்கம்போல் வேலைக்கு வரட்டும் என்றும் சொன்னார்.

  மத்தியானம் கிராணி இருசப்பனைக் கூப்பிட்டு, "துரைகிட்ட நான் எடுத்துப் பேசினேன்டா. அதனால பொழச்ச," என்றார்.

இருசப்பன் தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். சாயங்காலம், வீட்டில் வளர்த்த சேவலைக் காலைக் கட்டிக் கிராணி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

உமாபதி கிராணி அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.