பச்சையம்மா கொடுத்த அட்வான்ஸ்

பச்சையம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு கார் சீட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே அடி. முழங்காலை ஊன்றி அதன் மேல் ஏறி, முதுகில் இரண்டு குத்து, விலாவில் ஒரு குத்து. கூடவே வசவு வேறு. மூன்றாவது குத்தில் கவர் ஸ்பாஞ்சின் மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாணா, புச்சா? பழவேற்காடுன்னாங்கோ. வலையிலருந்து மீன எடுக்கற ஆளுதான நீ? இது மீன வலைக்குள்ள போடற வேலை. பாத்துக் கத்துக்கோ" என்றாள்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பெயர் ரகு. ஏரியில் மீன் குறைந்துபோனதால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் சீட்டு செய்கிற ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வந்து சேர்ந்தவன். இரண்டாம் ஷிப்டில் நாங்கள் ஐம்பத்தெட்டுப் பேர். கடைசியாகச் சேர்ந்தவன் நான். பச்சையம்மா பதினோரு வருடமாக இருக்கிறாள். பொன்னேரிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர் நெல். காலையில் வயல், மத்தியானம் ரயிலேறிக் கம்பெனி. சேற்றுக் காலைக் கழுவி ஷூவில் நுழைக்க அவளுக்கு ஆகிற நேரத்தில் எனக்கு ஒரு பீடி பற்றாது. புருஷன் அப்பாவு வாயில்லாப் பூச்சி. "எங்க ஊட்ல ரெண்டு பேர் பேசற அளவுக்கு எடமில்லணா, அதான் நானே பேசிடறேன்" என்பாள்.

எனக்கு ஆரம்பத்தில் அவளைக் கண்டாலே எரிச்சல். கடலோரத்துக்காரனுக்கு வயல்காட்டுக்காரி வாத்தியாரா என்று உள்ளுக்குள் புகைவேன். ஆனால் சிரிப்பை அடக்க முடியாது. அவள் பக்கத்தில் நின்று வேலை செய்கிற யாராலும் முடியாது.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் பேஜாரு ஆரம்பித்தது. ஜனங்களுக்குத் திடீரென்று குட்டிக் கார் கசந்துவிட்டது. ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற உயரமான கார்தான் வேண்டுமாம். நாங்கள் செய்வதோ குட்டிக் கார் சீட்டு. முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம், ஆகஸ்ட் முடிந்தால் இரண்டாம் ஷிப்டே கிடையாது என்று சூப்பர்வைசர் ஹேமநாத் நோட்டீஸ் ஒட்டினார். பிழைக்க ஒரே வழி, உயரமான காருக்கான சீட்டு ஆர்டரைப் பிடிப்பது. கார் கம்பெனிக்காரர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார்கள். அவர்கள் கண்ணெதிரே நாலு மணி நேரத்தில் அறுபது சீட்டு செய்துகாட்ட வேண்டும், ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. செய்தால் ஷிப்ட் இருக்கும். இல்லையென்றால் எல்லோரும் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

அன்று டீ இடைவேளையில் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். பச்சையம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியபாளையத்தாளுக்கு வேப்பஞ்சேலை கட்றோம். ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம. மொத்த ஷிப்டும்."

வேப்பஞ்சேலை என்றால், உடம்பு முழுக்க வேப்பந்தழையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெரியபாளையம் பவானி அம்மனை வலம் வருவது. கேட்டது நடந்த பிறகுதான் கட்டுவார்கள். அதை நான் எடுத்துச் சொன்னேன்.

"அது ஊரு வழக்கம்ணா. நடந்த பின்னாடி குடுத்தா கூலி. முன்னாடியே குடுத்தா அட்வான்ஸ். நடவுக்கு ஆளு கூப்டறப்போ நான் அப்டித்தான் குடுத்து வெச்சிருவேன். இதுவரைக்கும் ஒருத்தி வராம இருந்ததில்ல. அட்வான்ஸ் வாங்கிக்கினு அம்மா மட்டும் எப்டி கைய விரிப்பா?"

சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டோம். அம்மனுக்கு முன்பணம் கொடுக்கப்போன கூட்டம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இரண்டு வேனில் போய் இறங்கினோம். குளித்து, தழை கட்டி முடிக்கும்போது மணி எட்டு. வேப்பஞ்சேலைக்கு ஜேபி கிடையாது. ஆகவே ஐம்பத்தெட்டு போனையும் ஒரு அரிசி மூட்டைச் சாக்கில் போட்டு வேனில் வைத்தோம். வேன் டிரைவர் குணா பூட்டைப் பூட்டிச் சாவியோடு நாஷ்டா துன்னப் போய்விட்டார்.

அங்கே பொன்னேரியில் ஹேமநாத்துக்கு ஏழு மணிக்கே போன் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர்கள் இன்றைக்கே வருகிறார்களாம். மத்தியானம் ஒரு மணிக்கு சோதனை. மனிதர் எங்கள் எல்லோருக்கும் வரிசையாகப் போன் அடித்திருக்கிறார். சாக்கு மூட்டை பதில் சொல்லுமா? ஷிப்டே ஒட்டுமொத்தமாக வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது என்று அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் பச்சையம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அப்பாவு திருவாய் மலர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "பெரியபாளையம்."

பைக்கை முறுக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த ஹேமநாத் என்ன கண்டார்? ஆயிரக்கணக்கான ஜனம், அத்தனையும் பச்சை. எந்தத் தழைக்குள் எந்தத் தொழிலாளி என்று யார் கண்டது? நாலைந்து பேரின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, காணாமல் போனவர்களை அறிவிக்கிற மைக்குக்கு ஓடினார். "சீட்டு கம்பெனி ஆளுங்க எல்லாரும் உடனே வாங்க" என்று கத்தினார். அந்த மைக்கில் காலையிலிருந்து செருப்பு, பர்ஸ், ஒருவருடைய மாமியார் எல்லாம் அறிவித்தாகிவிட்டது. எங்கள் காதில் அது ஏறவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் எங்கள் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு போகும். வேலையில் பிசகு வந்தால் அதை இழுக்க வேண்டும். லைன் நிற்கும், டிங் டிங்கென்று ஒரு பொம்மை மெட்டு பாடும். எந்த இடத்தில் கோளாறு என்று மேலே பலகையில் நம்பர் எரியும். திரும்ப இழுத்தால்தான் பாட்டு நிற்கும். தூக்கத்தில் கேட்டால்கூட எங்களுக்கு உடம்பு தூக்கிப்போடும். அதனாலேயே ஹேமநாத் அந்த மெட்டைத் தன் போனில் அலாரமாக வைத்திருந்தார். இப்போது அந்தப் போனை மைக்கில் வைத்து அழுத்தினார்.

பெரியபாளையம் முழுக்க டிங் டிங் என்றது. ஆயிரம் பேர் தங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, ஐம்பத்தெட்டுப் பச்சை உருவங்கள் மட்டும் சட்டென்று நின்று, இல்லாத பலகையை அண்ணாந்து பார்த்தோம். என் கை தானாக மேலே போய்க் கயிற்றைத் தேடியது. கிடைத்ததைப் பிடித்து இழுத்தேன். அது ஒரு பலூன்காரருடைய கயிறு. கொத்தாக இருபது பலூன் கோபுரத்துக்கு மேலே போய்விட்டது. "யோவ், இன்னாயா பண்ற!" என்று அவர் என் தழையைப் பிடிக்க, தழை அவர் கையோடு போக, நான் இடுப்புத் துண்டோடு நின்றேன்.

"லைன் நின்னுச்சிடா, ஓடு!" என்று கத்திக்கொண்டு பச்சையம்மா எங்களை முந்திக்கொண்டு ஓடினாள். மைக்கின் அடியில் போய் நின்ற பிறகுதான் இது கம்பெனி இல்லையே என்று எல்லோருக்கும் உறைத்தது. ஹேமநாத்துக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம்.

"அக்கா, ஒரு மணிக்கு டிரையல். இப்பவே கெளம்புங்க."

"ரெண்டு சுத்துதான் சார் ஆச்சி. மூணுன்னு வேண்டிக்கினோம்."

"அக்கா, கால்ல வுழறேன்."

பச்சையம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயே, மீதி ஒரு சுத்து கம்பெனில. நீயும் வேன்ல ஏறிக்கோ" என்றாள். அதோடு விவகாரம் முடிந்தது.

கும்மிடிப்பூண்டி வரைக்கும் வேன் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி வீரராகவன், எங்கள் கோலத்தைப் பார்த்து அடையாள அட்டை கேட்க மறந்து கையெடுத்துக் கும்பிட்டார். தழையோடு அப்படியே கம்பெனிக் கொட்டகையைச் சுற்ற ஆரம்பித்தோம். முன்னால் பச்சையம்மா, கடைசியில் வெறும் இடுப்புத் துண்டோடு நான். மூலை திரும்பினால் எதிரே வெள்ளைச் சட்டையில் மூன்று பேர். கார் கம்பெனிக்காரர்கள். வடநாட்டு மனிதர்கள்.

இது என்ன என்று அவர்களில் பெரியவர் கேட்டார். ஹேமநாத், "வார்ம்-அப், சார்" என்றார்.

அந்த மனிதர் நம்பினாரோ இல்லையோ, ஷூவைக் கழற்றிவிட்டு எங்களோடு பத்தடி நடந்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

ஒரு மணிக்கு யூனிபாரம் போட்டு லைனில் நின்றோம். புதுச் சீட்டு ஆள் உயரம், கவர் இரும்பு மாதிரி விறைப்பு. பச்சையம்மா முழங்காலைப் போட்டு ஏறினாள், நாங்களும் ஏறினோம். கொட்டகை முழுக்க வேப்பிலை வாசம். நான் ஒன்றைக் கோணலாக மாட்டிவிட்டுக் கையைப் பிசைந்தபோது அவள் எட்டி ஒரே இழுப்பில் நேராக்கிவிட்டு, "வலைக்குள்ள மீனுணா" என்றாள். நாலே முக்காலுக்கு அறுபதாவது சீட்டு இறங்கியது. ஒன்றுகூடப் பழுதில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து இரும்பு கம்பெனிக்காரர்கள் சுவரேறிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் தொடங்கும்போது ஹேமநாத் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது, இரண்டாம் ஷிப்ட் இருக்கும் என்றார். விசில் பறந்தது. அவர் கையைக் காட்டி அடக்கினார். புதுச் சீட்டுக்குப் பாதி வேலையை மெஷின் செய்யும், ஆகவே நாற்பது பேர் போதுமாம். கடைசியாகச் சேர்ந்த பதினெட்டுப் பேர் வேண்டாம். காகிதத்தில் இருந்த நாற்பதில் பச்சையம்மா பெயர் நாலாவதாக இருந்தது. என் பெயர் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். வீட்டில் போய் என்ன சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன்.

"இது செல்லாது சார்" என்றாள் பச்சையம்மா.

"அக்கா, உங்க பேரு இருக்குது."

"பேரையா வேண்டிக்கினேன்? ஷிப்டுன்னுதான சொன்னேன். ஐம்பத்தெட்டு பேரு தழை கட்டினோம். நாப்பது பேருக்கு மட்டும் வேலைன்னா, மீதி பதினெட்டு அட்வான்ஸ் இன்னா கணக்கு? ஆத்தாவ ஏமாத்துக்காரி ஆக்கிடாத சார்."

"மெஷின் வருதுக்கா. நான் இன்னா பண்றது?"

"நாப்பது பேருக்கு வாரம் ஆறு நாளு வேல வெச்சிருக்கற. அத ஐம்பத்தெட்டு பேருக்கு நாலு நாளா பிரிச்சிக் குடு. எங்க ஊர்ல வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சா மொற வெச்சித்தான் பாய்ச்சுவோம். ஒருத்தன் வயல காயவுட்டு இன்னொருத்தன் நெல்லு அறுக்க மாட்டான்."

ஹேமநாத் ஓரமாகப் போய் மேலிடத்தோடு போன் பேசினார். திரும்பி வந்து சொன்னார்: கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெயர் வந்த நாற்பது பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பழைய பட்டியல்தான்.

பச்சையம்மா இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நாப்பது பேரும் கைய தூக்கு. ரகுணா, நீ எண்ணு."

எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் பாடு. எனக்காக ஏன் இரண்டு நாள் கூலியை விடவேண்டும்? முதலில் ஒன்றிரண்டு கை எழுந்தது, பிறகு பத்து, பிறகு மளமளவென்று. எண்ணினேன். முப்பத்தொன்பது. இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"எவன் அவன்?" பச்சையம்மாவின் கண் வரிசை வரிசையாகப் போனது. "மூணு சுத்து சுத்துன தழ ஈரம் காயல, அதுக்குள்ள மனசு காஞ்சிச்சா? எவன்டா அது, முன்னாடி வா!"

யாரும் வரவில்லை. ஹேமநாத் தொண்டையைக் கனைத்தார்.

"நீங்கதான்க்கா."

பச்சையம்மா குனிந்து, இடுப்பில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். அடுத்த நொடி இரண்டையும் ஒன்றாகத் தலைக்கு மேலே தூக்கினாள். கொட்டகையே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

"நாப்பத்தொண்ணு" என்று கத்தினேன்.