பூங்காவை வலம் வந்தவன்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில் எங்கள் விடுதி இருக்கிறது. மொட்டை மாடியில் சாப்பாட்டுக் கூடம், கீழே வரவேற்பு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். பெயர் குமரேசன். வேதியியல் படித்துவிட்டு, அரசாங்க வேலை கிடைக்கும்வரை கொஞ்ச நாள் இருக்கலாமே என்று வந்து உட்கார்ந்தவன். நாற்காலியை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள், என்னை மாற்றவில்லை.

வேலை என்னவோ சாவி கொடுப்பதும் வாங்குவதும்தான். ஆனால் என் மனசில் நான் இந்த ஊருக்கே வழிகாட்டி. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது, எங்கே காபி குடிப்பது, எப்போது கிளம்பினால் கால் சுடாது என்று எல்லாவற்றையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லி முடித்த பிறகுதான் சாவி என் கையை விட்டுப் போகும். ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஊரார் குடும்பங்களை எல்லாம் சுற்றிப் பார்க்க அனுப்பிய நான், என் குடும்பத்தை வேங்கிக்கால் வீட்டிலிருந்து எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. மற்றவர்களுக்கு லீவு என்றால் எனக்கு அன்றைக்குத்தான் வேலை ஜாஸ்தி. என் மகள் எழிலுக்கு நாலு வயசு. அவளோடு ப்ளே ஸ்கூலில் படிக்கும் ஒரு பெண், சென்னைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெரிய பூங்காவுக்குப் போய்க் குட்டி ரயிலில் ஏறிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எழிலுக்கு வேறு பேச்சே கிடையாது. சோறு ஊட்டினால் ரயில், தலை வாரினால் ரயில். நானும் ஒரு நாள் ஜம்பமாக, மே மாசம் அந்த ரயிலில் உன்னை ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஜூனில் எல்கேஜி. அதற்குள் ஏற்றியாக வேண்டும்.

முதலாளி பெரிய மனசு பண்ணி ஒரு நாள் லீவு கொடுத்தார். பையை நானேதான் கட்டினேன். குடை, தொப்பி, குளுக்கோஸ், மாற்றுத் துணி, மூன்று பேருக்கும் புளிசாதம். விடியற்காலை பஸ். என் மனைவி சிந்துஜா மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், அவளும் லீவு போட்டிருந்தாள். போகும் வழியெல்லாம் பூங்காவில் எப்படி எப்படி நடக்கவேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். நானும் அந்தப் பூங்காவைப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஒரு தடையாகவே படவில்லை.

வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி, வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்றார். வீணாக்குவானேன் என்று மரத்தடியில் நின்றபடியே டப்பாக்களைக் காலி செய்தோம். எழிலுக்கு ஊட்டி ஊட்டி, போதும் போதும் என்றவளுக்கு இன்னும் இரண்டு வாய் ஊட்டினேன். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை வெயிலில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், வழிகாட்டியைத் தவிர.

உள்ளே நுழைந்ததும் நட்டநடுவில் சிமெண்டில் ஒரு மலை கட்டி, உச்சியிலிருந்து தண்ணீரை விட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் பாதை. வலது கைப்பக்கம், கூப்பிடு தூரத்தில், சின்னப் பிள்ளைகளுக்கான இடம். மணல் தொட்டி, பந்துக் குளம், சின்ன ஊஞ்சல், அதற்கப்பால் ரயில். கூவென்று விசில் கேட்டது. எழில் என் விரலை உதறிவிட்டு அந்தப் பக்கம் ஓடப் பார்த்தாள்.

சிந்துஜா சொன்னாள், "ரயில் இங்கயேதான் இருக்குதுங்க. அத்த முதல்ல பாத்துட்டு அப்புறம் மத்தது போலாம்."

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு நடுவில் ஒரு மலையைக் காட்டிவிட்டால் கால் தானாக இடது பக்கம் திரும்பிவிடும். கிரிவலம் என்றால் மலை வலது கையில் இருக்கவேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை பாஷையில் சொல்லியிருக்கிறேன். "எதுக்கு அப்பிரதட்சிணமா போவணும்? சுத்திக்கினு வந்தா முடியற எடம் அதுதான். பொறுமையா ஏறலாம்" என்றேன். சிந்துஜா என்னைப் பார்த்தாள். சிமெண்ட் மலையையும் பார்த்தாள். சரி, லீவு நாளில் எதற்குச் சண்டை என்று நினைத்திருப்பாள். அழப்போன எழிலைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் இடது பக்கம் நடந்தேன்.

கிரிவலத்தில் ஒவ்வொரு லிங்கத்துக்கும் நிற்கிற மாதிரி ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நின்றோம். ஒவ்வொன்றின் வாசலிலும் கரடிப் படம் போட்ட ஒரு பலகை. அந்தக் கரடியின் காது உயரத்துக்கு இருந்தால்தான் ஏற்றுவார்கள். எழில் கரடியின் வயிற்றுக்கு இருந்தாள். முதல் இடத்தில் நுனிக்காலில் நின்று பார்த்தாள். அடுத்ததில் நானே அவள் உச்சிக் குடுமியை நிமிர்த்திவிட்டேன். அங்கே நின்ற பையன் குடுமியை அமுக்கிவிட்டு அளந்தான். குழந்தைகள் குளம் என்று முழங்கால் தண்ணீரில் விட்டால், மேலே தொங்கிய வாளி கவிழ்ந்து தலையோடு தண்ணீர் கொட்டி, மூச்சு முட்டி அழுதாள். சமாதானப்படுத்துவதற்காகக் கரடி வேஷம் போட்டவரிடம் கூட்டிப் போனேன். காலையிலிருந்து தன்னை அவமானப்படுத்திய கரடி நேரில் வந்து கை நீட்டியதும் அலறியேவிட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும், இதுதான் ரயிலா என்று கேட்டாள். இதோ அடுத்தது என்றேன். அடுத்தது என்றே பாதிப் பூங்காவைக் கடந்தோம். திரும்பிப் போய்விடலாம் என்று சிந்துஜா சொன்னபோது, பாதி வந்தாச்சு, எதிர்ப்பக்கம் நடந்தாலும் அதே தூரம்தான் என்று நியாயம் வேறு பேசினேன்.

ஒரு கட்டத்தில் ரயிலைப் பற்றிய கேள்வி நின்றுபோனது. பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். என் தோளில் எச்சில் ஈரமாக இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தூங்கிவிட்டாள்.

ரயிலிடம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இதுதான் கடைசி ட்ரிப் என்றார். எழிலை உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன், ரயில்காரரிடம் சொல்லிக் காதுக்குப் பக்கத்தில் விசில் அடிக்கவைத்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அவள் மட்டும் கண் திறக்கவில்லை. விட்டுவிடுங்கள், தூங்கட்டும் என்றாள் சிந்துஜா. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று நான் எழிலை மடியில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பெட்டி நாலு வயசுக்காரர்களுக்குச் செய்தது. என் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. ரயில் கிளம்பியது. சிமெண்ட் முயல், பெரிய பெரிய காளான், உள்ளே நீல விளக்கு எரியும் ஒரு குகை. வெளியே வரும்போது சிந்துஜா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் காட்டிக் கையாட்டினேன். உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில், திண்டிவனம் தாண்டியதும் எழில் கண் விழித்தாள். விழித்ததும் கேட்டது ரயில் எங்கே என்றுதான். போய்விட்டோமே கண்ணு என்று வீடியோவைக் காட்டினேன். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ மட்டும் போயிட்டியாப்பா?"

நீயும் மடியில் இருந்தாயே என்றேன். நான் பாக்கலையே என்றாள். உதடு பிதுங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விளக்கம் சொல்வது. முயல் எப்படி இருந்தது, காளான் என்ன நிறம், குகைக்குள் விளக்கு எங்கே எரிந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழாமல் கேட்டுக்கொண்டாள்.

செஞ்சியில் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, பூங்காவில் வாங்கி எழில் கையில் கொடுத்திருந்த பலூனைப் பார்த்துவிட்டு, எங்கே போய்விட்டு வருகிறாய், ரயிலில் எல்லாம் ஏறினாயா என்று விசாரித்தார். எழில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏறினேன். எங்கப்பாதான் ஏத்தினாரு. முயல் பாத்தேன். குகைக்குள்ள நீல லைட்டு பாத்தேன். சூப்பரா இருந்துச்சு."

கொடுத்துவைத்த பிள்ளை என்று அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எழில் என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். அழுது புரண்டிருந்தால் இன்னொரு லீவு போட்டுக் கூட்டிப் போயிருப்பேன். நாலு வயசில் என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள். அவமானமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவளைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.